வாசிக்காமல் விட்ட வார்த்தை

சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நான் பாடம் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாலு நாளும் அப்படித்தான்.

போன வாரம் சங்குக் கிடங்கைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு அடுத்த கிடங்கு இது. பாம்பன் துறைமுகத்தில் மண்ணெண்ணெய் பீப்பாய் அடுக்கி வைக்கிற இடம். பீப்பாய்களை அப்புறப்படுத்தி எங்களுக்குக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். எத்தனை வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவியும் வாடை போகவில்லை. பாடம் முடிந்து வீட்டுக்குப் போனால் என் தலைமுடியில் அடிக்கும்.

முப்பது பெண்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். தார் பூசிய சுவரில் நான் சாக்கட்டியால் எழுதுவேன். எழுதி முடித்தால் திரும்ப வேண்டும் இல்லையா? திரும்ப மாட்டேன். சுவரைப் பார்த்தபடியே "சொல்லுங்க" என்பேன். பின்னாலிருந்து சொல்வார்கள். சரியா தப்பா என்று காதால்தான் பார்த்துக்கொள்வேன்.

ஐந்தாம் நாள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏத்தா, ஒன் மொகத்த என்னைக்குத்தான் காட்டுவே? நாளைக்கு ரோட்டுல பாத்தா, இதுதான் எங்க டீச்சருன்னு முதுக வச்சா கண்டுபிடிக்க?"

அது கதீசா லாத்தா. முஸ்லிம் வீட்டு அக்காமாரை நாங்கள் லாத்தா என்போம். தனுஷ்கோடியில் கப்பலுக்கு வருகிற சனத்துக்கு இடியாப்பம் அவித்து விற்றவர். புயலில் கடையும் போய், வீடும் போய், வாய் மட்டும் மிச்சம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கிடங்கு முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் திரும்பினேன்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கதவோரம் உட்கார்ந்து, நான் எழுதிய எழுத்தைத் தன் பலகையில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். அவள் சவேரியம்மாள். இந்த வாரம் எழுதப் போவது அவளுக்கு நான் செய்த ஒரு காரியத்தை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அன்றைக்கு அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அய்யாவின் கயிறு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் படிக்க ரயிலேறிப் பாலம் தாண்டி மண்டபம் பக்கம் போக வேண்டும். அம்மா அதற்குள் இறந்துவிட்டதால் வீட்டில் உலை வைக்க ஆள் இல்லை. "பொட்டப்புள்ள தெனமும் கடலத் தாண்டிப் போயிட்டு வரணுமாக்கும்" என்று அய்யா ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான், படிப்பு முடிந்தது.

ஆனாலும் சீனி மடித்து வருகிற காகிதம், ரயில் நிலையத்து விளம்பரம், பூசைப் புத்தகம் என்று எழுத்து கண்ட இடத்தில் நின்றுவிடுவேன். ஆளைக் கண்டால்தான் எனக்குக் கூச்சம். எழுத்தைக் கண்டால் கிடையாது.

அய்யா துறைமுக ஆபீசில் கலாசி. புயல் கூண்டு ஏற்றுகிற வேலை. கொடிமரத்தில் பகலில் கூண்டு, இருட்டினால் விளக்கு. வானம் கறுத்தால் போதும், கடைத்தெருவில் அய்யாவை நாலு பேர் மறித்துக்கொள்வார்கள்.

"என்ன மாமா, வருமா வராதா?"

"அத மேல இருக்கவுகளக் கேளு. நான் கயித்த இழுக்கிறவன். ஏத்துன்னா ஏத்துவேன், எறக்குன்னா எறக்குவேன்."

"சும்மா சொல்லும். ஒமக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சா என்ன? சொல்லாம ஏத்துனா அது கூண்டா? கோழி கவுக்கிற கூடை."

அய்யா நிறையப் பேசுகிறவர் இல்லை. இந்தப் பேச்சு மட்டும் எனக்கு மனப்பாடம். பிறகு இது எனக்கே திரும்பி வந்தது. அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

சனம் வந்தது

புயலைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பாம்பனில் கூரைகள் பறந்தன, பாலம் ஒடிந்தது, ரயில் நின்றது. தனுஷ்கோடி போயே போய்விட்டது. மிஞ்சிய சனம் நடந்தும் வள்ளத்திலும் எங்கள் பக்கம் வந்தது.

பாம்பன் அப்போது சும்மா ஒரு மீன்பிடி ஊர் இல்லை. துறைமுக ஆபீஸ், ரயில்வே, சங்குக் கிடங்கு, ஐஸ் போடுகிற இடம், பாலத்துக்குக் கீழே கப்பல் தாண்டுகிற வாய்க்கால் என்று நாள் முழுக்க இரும்புச் சத்தம் கேட்கிற ஊர். கரிப் புகையும் கருவாட்டு வாடையும் கலந்து வரும். வேலை செய்கிறவர்களின் ஊர் என்பதாலோ என்னவோ, வந்தவர்களை யாரும் உட்கார்த்தி வைத்து அழவிடவில்லை. முஸ்லிம் வியாபாரிகள் அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். கன்னியர் மடத்திலிருந்து சேலை வந்தது. ரயில்வேக்காரர்கள் தார்ப்பாய் கொடுத்துச் சரக்குக் கொட்டகையைத் தடுத்து விட்டார்கள். ஆண்களுக்குப் பாலத்து வேலை, பெண்களுக்கு மீன் காயப்போடுகிற வேலை.

படிப்பைக் கொண்டுவந்தது துறைமுக ஆபீசின் பெரிய எழுத்தர். ரைட்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நிவாரணம் வாங்க வந்தவர்கள் வரிசையாகப் பெருவிரல் வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தவர், "என்ன எழுதியிருக்குன்னே தெரியாம வைக்கிறாக" என்று ஆபீசில் பேசிக் கிடங்கைக் கேட்டு வாங்கினார். சாயங்காலம் நாலு மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை வகுப்பு.

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இரண்டு நாள் வந்தார். அவர் வீடும் விழுந்து கிடந்தது, அவர் எத்தனை நாள் வருவார்? மூன்றாம் நாள் ரைட்டர் அய்யாவிடம், "ஒங்க மக அஞ்சாவது படிச்சிருக்குல்ல?" என்று கேட்டிருக்கிறார். ஏற்று என்று சொன்னால் ஏற்றுகிற ஆள் அய்யா. "வரும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அப்போது எனக்கு இருபது வயது தாண்டியிருக்கும். அன்றைக்கு இரண்டு வேளை நான் சாப்பிடவில்லை.

தார்ப் பலகை

சிலேட்டு வாங்க வழியில்லை. கரையில் உடைந்த வள்ளத்துப் பலகைகள் மலை மாதிரி கிடந்தன. தார் பூசிய பலகை கறுப்பாகத்தானே இருக்கும்? முழங்கை நீளத்துக்கு அறுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார் ரைட்டர். சரக்குப் பெட்டியில் அடையாளம் போடுகிற சாக்கட்டியும் கொடுத்தார். முதல் நாள் சில பெண்கள் அந்தப் பலகையைத் தொடவில்லை. யார் வள்ளமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

எழுத்துக் கூட்டி அவர்கள் முதலில் வாசித்தது கிடங்குக் கதவில் இருந்த பலகையை: பீடி குடிக்கக் கூடாது. ஒரு வாரம் அதையே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள். பீடி குடிக்கிற ஆண்களைக் கண்டால் கதீசா லாத்தா நின்று, "எழுத்துல போட்டிருக்கு, வாசிச்சுட்டுத்தான் சொல்றேன்" என்பார்.

சவேரியம்மாள் எல்லோரையும் விட வேகம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நான் அக்கா என்பேன். அவள் என்னை ரோக்கியம் என்பாள், ஆரோக்கியம் என்கிற என் முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. அவளுக்கு ரெஜினா, செல்வி என்று இரண்டு பெண்பிள்ளைகள். ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் ஒரு மூலையில் மூன்று பேரும் இருந்தார்கள்.

வீட்டுக்காரர் பெயர் சந்தியாகு. புயலுக்கு முதல் நாள் நாலு பேரோடு கடலுக்குப் போனவர். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

சவேரியம்மாள் தாலியைக் கழற்றவில்லை. மற்ற பெண்கள் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவளிடம் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதில் கொட்டகைக்குப் பக்கத்திலேயே நடமாடிக்கொண்டும் இருந்தது.

அவர்கள் தெருக்காரர் ஒருவர். அவரும் கடலில் போய்விட்டார் என்று பெண்டாட்டி தாலியைக் கழற்றி, மாதா கோவிலில் செத்தவர் பூசையும் வைத்து முடித்துவிட்டாள். மாசம் ஒன்று கழித்து மன்னார்க் கரையிலிருந்து ஆள் வந்து இறங்கினார். சனத்துக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. பெண்டாட்டி அவர் காலைத் தொட்டுப் பார்த்தாளாம், தரையில் படுகிறதா என்று. சாமியார் மறுபடி தாலியை மந்திரித்துக் கொடுத்தார். அந்த மனுசன் அதற்குப் பிறகு வீட்டில் சரியாகப் பேசவே இல்லை. "ஒரு மாசம் பொறுக்க முடியலையாடி ஒனக்கு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் அப்படி ஒரு பேச்சு கேக்க மாட்டேன்" என்பாள் சவேரியம்மாள்.

மனு

தங்கச்சிமடம் போகிற வழியில் குடிசை போட இடம் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். மழைக்கு முன்னால் எல்லோரையும் கொட்டகையிலிருந்து எடுக்க வேண்டும், ரயில் ஓட ஆரம்பித்தால் சரக்கு வைக்க இடம் வேண்டும். மனு எழுத வந்த குமாஸ்தா ஒல்லியான மனிதர். விரலெல்லாம் ஊதா மை. சவேரியம்மாள் முறை வந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"வீட்டுக்காரரு?"

"கடலுக்குப் போயிருக்காக."

"எப்ப?"

"புயலுக்கு மொத நாளு."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப, இல்லைன்னு போடுறேன்."

"இல்லைன்னு நான் சொல்லலையே. வரலைன்னுதான சொன்னேன்."

"யம்மா, ஆம்பள இருந்தா ஆம்பள வந்து கையெழுத்துப் போடணும். இல்லைன்னா நீ விதவைன்னு எழுதிக் குடுக்கணும். ரெண்டுல ஒண்ணு. நடுவுல நிக்கிறதுக்குக் கட்டம் கெடையாது."

"அப்ப அவுக வந்தப்புறம் வாங்கிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

குமாஸ்தா கெட்டவர் இல்லை. என்னைக் கூப்பிட்டார். "நீ கிடங்குல சொல்லிக் குடுக்கிற புள்ளதான? அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொல்லி நீயே எழுதிக் கொண்டா. வெள்ளிக்கிழம வரைக்கும்தான் வாங்குவேன். விட்டா இடம் வேற ஆளுக்குப் போயிரும்."

செல்விக்கு அப்போது இருமல். கொட்டகையில் பாயெல்லாம் ஈரம். இதையெல்லாம் நான் சாக்காகச் சொல்லவில்லை, அன்றைக்கு என் மனதில் இருந்தது இதுதான் என்பதால் சொல்கிறேன். எடுத்துச் சொல்லு என்றார் குமாஸ்தா. ஒரு ஆளிடம் நேருக்கு நேர் எடுத்துச் சொல்ல எனக்கு வராது. எழுதத்தான் வரும். எழுதிவிட்டேன். அந்தக் கட்டத்தில் விதவை என்று போட்டுவிட்டேன்.

கொண்டுபோனபோது அவள் சாளை மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"வாசி" என்றாள்.

வாசித்தேன். "சவேரியம்மாள், வயது முப்பது, தனுஷ்கோடி, பெண் குழந்தைகள் இரண்டு, குடியிருக்க இடம் வேண்டி." அந்த ஒரு கட்டத்தை மட்டும் தாண்டிப் போனேன். என் குரல்கூட மாறவில்லை.

"அவுகளப் பத்தி?"

"ஒண்ணும் எழுதலக்கா."

"இல்லாம எப்படி வாங்குவாரு?"

"வாங்குவாரு. சொல்லிட்டாரு."

அவள் பெருவிரலை என் முந்தானையிலேயே துடைத்து மையில் வைத்து அழுத்தினாள். சரியாகத் துடைபடவில்லை போல. ரேகைக்குப் பக்கத்தில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டது. நான் அதை எடுக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஐகாரம்

அன்றைக்கு மறுநாள்தான் எனக்கு உறைத்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதியாகிவிட்டது. அவளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறவள் யார்? நான்.

ஆகார வரிசை முடிந்தது, இகாரம் முடிந்தது. அவளுக்கு வி வந்துவிட்டது. த எப்போதோ வந்துவிட்டது. அடுத்தடுத்துப் போய் ஐகாரத்தில் நின்றோம். நான் நின்றுவிட்டேன். முதல் வாரத்தில் நடத்தியதையே மறுபடி நடத்தினேன். ஒருநாள் தலைவலி என்றேன். ஒருநாள் சாக்கட்டி இல்லை என்றேன். சாக்கட்டி என் இடுப்பில் இருந்தது.

கதீசா லாத்தா விடவில்லை. "என்னத்தா இது, பையி, கையி, மையி ஒண்ணும் எழுத வேணாமா? இடியாப்பக் கடைக்குப் பலகை எழுதணும்னா தேங்காப் பாலுக்கு இதுவரைக்கும் படிச்சது போதும். சுடச்சுடக் கெடைக்கும்னு எழுத ஐயி வேணும்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். சவேரியம்மாளும் அன்றைக்குச் சிரித்தாள். "சொல்லிக் குடு டீச்சரு" என்றாள்.

சொல்லிக் கொடுத்தேன். கை, பை, மை, வை. அந்தக் காலத்தில் யானைத் துதிக்கை மாதிரி வளைத்து எழுதிய லை, னை மட்டும் பிறகு என்று தள்ளி வைத்தேன். வை எழுதிக் காட்டும்போது மறுபடி சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

கதவில் ஒட்டிய தாள்

இடம் கிடைத்தவர்களின் பட்டியலைக் குமாஸ்தா கிடங்குக் கதவிலேயே கொண்டுவந்து ஒட்டினார், பீடி குடிக்கக் கூடாதுக்குப் பக்கத்தில். "வாசிக்கிற சனம் இங்கனதான் இருக்கு" என்றார் ரைட்டர், பெருமையாக.

அன்றைக்குக் கதவடியில் திருவிழாக் கூட்டம். யாரும் யாரையும் வாசித்துச் சொல்ல விடவில்லை. "எம் பேர நாந்தான் பாப்பேன், தள்ளு" என்று விரலை வைத்துத் தேடினார்கள். ஒவ்வொரு பெயர் கிடைத்தபோதும் ஒரு கூச்சல். கதீசா லாத்தா தன் பெயரைக் கண்டுபிடித்து, அதிலேயே விரலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தார்.

சவேரியம்மாள் வந்தாள். பட்டியலில் பெயர் மட்டும்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். கட்டங்களை எல்லாம் அப்படியே எடுத்து எழுதியிருந்தார் குமாஸ்தா.

"ச... வே... ரி... யம்... மாள்." பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் விரல் நிற்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவளுக்கு அப்படி ஒரு பழக்கம், ஒன்றை வாசித்தால் அந்த வரி முடிகிற வரை போவாள். நான் சொல்லிக் கொடுத்த பழக்கம். விரல் அடுத்த கட்டத்துக்குப் போயிற்று.

"வி... த... வை."

சேர்த்து ஒருமுறை சொன்னாள்.

"இது யாரு எழுதுனது?"

"சர்க்காரு எழுதியிருப்பாக, விடு" என்றார் கதீசா லாத்தா.

"சர்க்காருக்கு நான் சொல்லலையே."

குமாஸ்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானா எழுதுவேன்? மனுவுல இருந்ததத்தான் எடுத்து எழுதினேன்" என்று கட்டை அவிழ்த்து மனுவை எடுத்துக் காட்டினார். பெருவிரல் ரேகைக்குப் பக்கத்தில் அந்தச் செதில் காய்ந்து பளபளத்தது. எழுத்து யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதமாக அந்தப் பெண்கள் சுவரில் பார்த்த எழுத்து. அதைப் பார்த்துத்தான் அவர்கள் எழுதவே பழகினார்கள்.

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். திரும்பி நிற்க அன்றைக்குச் சுவர் இல்லை.

"அவுகளப் பத்தி ஒண்ணும் எழுதலைன்னு சொன்னியே" என்றாள் சவேரியம்மாள். சத்தம் போடவில்லை. செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் அய்யாவுக்கு விஷயம் எனக்கு முன்னால் வந்திருந்தது. கயிறு பிடித்துக் காய்ப்பேறிய கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நாங்கூட ஏத்துன்னு சொன்னாத்தான் ஏத்துவேன். நீ யாரு சொல்லி ஏத்துன?"

சோறு போட்டேன். சாப்பிட்டார்.

ரிஜிஸ்தர்

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனேன். அவள் தலை நிமிரவில்லை.

"அக்கா, மாத்தி எழுதச் சொல்றேன்."

"நான் கேட்டுட்டேன். மாத்துனா இடம் போயிரும்னு சொல்லிட்டாரு. வாங்காட்டி புள்ளைக மழையில கெடக்கும். வாங்குனா அவுக செத்தவுக. ரெண்டயும் ஒரே கயித்துல கட்டிப்புட்டியே, ரோக்கியம்."

நான் நின்றேன். மன்னிப்பு என்கிற வார்த்தை வாயில் வரவில்லை. அப்போதும் எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன்.

"நாளைக்குக் கையெழுத்துப் போட்டுத்தான இடம் வாங்கணும்?"

"ஆமாக்கா. பெருவெரலும் வைக்கலாம்."

"பெருவெரல் வச்சது போதும்." மீன் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தன் தார்ப் பலகையை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "நீ சொல்லிக் குடுக்காம வச்சிருக்கியே துதிக்கை எழுத்து, அத எழுதிக் காட்டு."

லை எழுதிக் காட்டினேன். அவள் பத்து முறை எழுதினாள். சரியாக வந்ததும், "போ, எனக்கு வேல கெடக்கு" என்றாள்.

மறுநாள் கிடங்குக்குள் மேசை போட்டு ரிஜிஸ்தரை விரித்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்த பெண்கள் வந்தபோதெல்லாம் ரைட்டர் எழுந்து எழுந்து பார்த்தார். சவேரியம்மாள் பேனாவை வாங்கினாள். பெயரை எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் மறுபடி எழுத ஆரம்பித்தாள். அவள் எழுதுகிற வேகத்துக்கு அது வெகுநேரம் ஆயிற்று. குமாஸ்தா அடுத்த சீட்டைத் தேடிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. கவனித்தபோது மை காய்ந்துவிட்டது.

*அவர் இன்னும் வரவில்லை.*

"ரிஜிஸ்தரப் பாழாக்கிட்டியேம்மா!" என்று கத்தினார். "இது மேல போற புஸ்தகம்!"

"போகட்டும். மேல இருக்கவுகளும் வாசிக்கட்டும்" என்றாள்.

வரிசையிலிருந்து கதீசா லாத்தா எட்டிப் பார்த்தார். "அவ வீட்டுக்காரரு, அவ எழுதுறா. ஒமக்கு என்ன நட்டம்? எங்கள வெயில்ல நிப்பாட்டாம அடுத்த ஆளக் கூப்பிடும்."

ரைட்டர் மை ஒற்றுகிற தாளை எடுத்து அந்த வரியின் மேல் வைத்து, கலையாமல் அழுத்திக் கொடுத்தார். இடத்துக்கான சீட்டு அவள் கைக்கு வந்தது. அந்த வரியைப் பற்றி மேலே யாரும் எதுவும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு

மூன்றாம் நாள் வகுப்புக்கு வந்தாள். கதவோரத்தை விட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். பாடத்தில் சந்தேகம் கேட்பாள், மற்றபடி என்னோடு பேச்சில்லை. ஐப்பசி மழை வரை அப்படி இருந்தது. ஒருநாள் குடிசை ஒழுகுகிறது, பனையோலை எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். சொன்னேன். அதிலிருந்து பேச்சு வந்துவிட்டது. பழைய மாதிரி வந்ததா என்று கேட்டால், இல்லை.

வகுப்பு அதன் பிறகும் பல வருஷம் நடந்தது. எழுதக் கற்றவர்கள் நின்றுபோவார்கள் என்று நினைத்தோம், அவர்கள் நிற்கவில்லை. கணக்கு வேண்டும் என்றார்கள். பிறகு தையல், இங்கிலீஷில் பேர் எழுதுவது. கதீசா லாத்தா அறுபது வயதுக்கு மேல் கடைப் பலகையைத் தன் கையால் எழுதினார். 'சுடச்சுட' கோணலாகத்தான் இருந்தது. இடியாப்பம் நன்றாக இருந்தது.

சில வருஷத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து சனம் இராமேஸ்வரத்தில் வந்து இறங்க ஆரம்பித்தது. கையில் தகரப் பெட்டி, வாயில் வேறு மாதிரித் தமிழ். அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க எங்கள் வகுப்பிலிருந்து நாலு பேர் ரயிலில் போவோம். சவேரியம்மாள் ஒரு மனுவுக்கு இரண்டு மடங்கு நேரம் எடுப்பாள். எழுதி முடித்து ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து அவர்களுக்கு வாசித்துக் காட்டுவாள். "இது நீ சொன்னதுதான? இதுவும் நீ சொன்னதுதான?" பிறகுதான் பெருவிரல். பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதிக்கொண்டிருப்பேன். என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

எங்கள் கோவிலில் கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். பூசையில் சாமியார் வாசிப்பார். என் எழுத்து தெளிவாக இருக்கும் என்று கோவில் காரியம் பார்க்கிற உபதேசியார் என்னைக் கோவில் வாசலில் நோட்டோடு உட்கார வைப்பார். சனம் வரிசையில் வந்து சொல்லும், நான் எழுதுவேன். சவேரியம்மாள் ஒவ்வொரு வருஷமும் அந்த வழியாகத்தான் கோவிலுக்குள் போவாள். வரிசையில் நிற்க மாட்டாள். கல்லறையில் மெழுகுவர்த்தியும் ஏற்ற மாட்டாள்.

ரெஜினாவுக்குக் கல்யாணமாகித் தலைப்பிள்ளை பிறந்த வருஷம். வரிசையில் சவேரியம்மாள் நின்றாள். கூந்தலில் பாதி நரை. கழுத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. முறை வந்ததும் வழக்கப்படி பேனாவைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

நோட்டின் மேல் கையை வைத்தாள். "நீ எழுதாத" என்றாள்.

பேனாவைக் கொடுத்தேன். குனிந்து, வெகுநேரம் எழுதினாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எழுதி முடித்து நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

"வாசி. ஒண்ணையும் விடாம."

வாசித்தேன். "சந்தியாகு. தனுஷ்கோடி. கடலுக்குப் போனவர்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா. வேற ஒண்ணும் இல்ல."

தலையை ஆட்டினாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு கல்லறைப் பக்கம் போனாள்.

அடுத்து நின்றவர் தன் தகப்பனார் பெயரைச் சொன்னார். எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.